தூண்டற்றிறன் அலகுகளும் அவற்றின் மாற்றமும்

பழைய பௌதிகவியல் நூலொன்றைப் புரட்டும் மாணவன், கம்பிச்சுருளொன்றின் தற்றூண்டற்றிறன் 3,158,000 சதமமீற்றர் என எழுதப்பட்டிருத்தலைக் காண்பானாயின், முதலில் அதனை அச்சுப்பிழை என்றே கொள்வான். மின்னியலிலே சதமமீற்றருக்கு இடமேது? சுருளிற் சுற்றிய கம்பியின் நீளத்தைக் குறித்தனரோ எனக் கணித்துப் பார்ப்பின் அதுவும் பொருந்தாது. அச்சுருள் 50 சதமமீற்றர் நீளமும் 2 சதமமீற்றர் ஆரையும் ஆயிரஞ் சுற்றுக்களும் உடையதாயின், கம்பியின் நீளம் ஏறத்தாழ 12,566 சதமமீற்றரேயாம். இன்றைய நூலொன்று இதே சுருளுக்கு 3.158 மில்லியென்றி என எழுதும். நிலைமின்னியல் அலகுகளிற் கணக்கிடுவார் 3.514 × 10⁻¹⁵ என்பர். சுருள் ஒன்று, எண்கள் மூன்று. மூன்றும் சரியானவை.

இவ்வெண்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுதற்கு நூல்களின் இறுதியில் அட்டவணைகள் உள. அட்டவணையைப் பார்த்துப் பெருக்குதல் எவர்க்கும் எளிது. ஆயினும் தவறான வரியை எடுத்தவனை எந்த அட்டவணையும் எச்சரிப்பதில்லை. ஏனைய கணக்குக்களிலே தவறு நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவில் நிற்றலுமுண்டு. இங்கே தவறு நேரின் அது 10²⁰ மடங்கையும் தாண்டிவிடும். ஆதலின் மாற்றக்காரணி எவ்வளவு என்பதனோடு, அஃது எங்கிருந்து வந்தது என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை நாடிச் சென்றால், கணக்குப் புத்தகத்தின் மூலையிற் கிடக்கும் ஓர் எண் ஒளியின் இயல்பையே வெளிப்படுத்தியமையும் தெரியவரும்.

தூண்டற்றிறன் யாது என்பதனை முதலிற் சுருங்கக் கூறுவாம். சுருளொன்றில் ஓடும் மின்னோட்டம் மாறுங்கால் அதனாற் பிறந்த காந்தப்பாயமும் மாறும். பாயம் மாறுதலால் அச்சுருளிலேயே ஒரு மின்னியக்கவிசை எழும். அவ்விசை ஓட்டத்தின் மாற்றத்தை எதிர்த்து நிற்கும். பாரமான தேரை இழுத்து ஓடச்செய்தலும், ஓடுந்தேரை நிறுத்துதலும் அரிதாதல் போல, தூண்டற்றிறன் மிக்க சுருளில் ஓட்டத்தைத் தொடக்குதலும் நிறுத்துதலும் அரிதாம். மின்காந்தத் தூண்டலைப் பரடே 1831 இல் வெளியிட்டார். அக்காலத்தில் அமெரிக்காவின் அல்பனி நகரத்துக் கல்விக்கழகமொன்றிலே கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பித்துவந்த யோசேப்பு என்றி என்பார், நீண்ட கம்பியொன்றிலோடும் ஓட்டத்தைத் துண்டிக்கும்போது, குறுகிய கம்பியிற் காணப்படாத பிரகாசமான பொறியொன்று தோன்றுதலை 1832 இல் எழுதினார். தற்றூண்டலைப் பற்றி முதன்முதல் அச்சேறிய குறிப்பு அதுவே. ஆசிரியத் தொழிலின் ஓய்வுக்காலத்திலே செய்யப்பட்ட ஆராய்ச்சி அஃது என்பது நம் போன்றார் நினைவில் வைத்தற்குரியது. அவர் பெயரே அலகின் பெயராயிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதனை ‘என்றி’ எனவும், தமிழ்நாட்டு நூல்கள் ‘ஹென்றி’ எனவும் எழுதும்.

ஓட்டம் செக்கனுக்கு ஓர் அம்பியராக மாறும்போது ஓர் உவோற்று மின்னியக்கவிசை எழுமாயின், அச்சுருளின் தூண்டற்றிறன் ஓர் என்றி. இவ்வரைவிலக்கணம் யாவரும் அறிந்தது. ஆயின் அலகுகளின் உறவை ஆராய்தற்கு இதனினும் பயன்படுவது சத்தியைக் கொண்டு கூறும் வரைவிலக்கணமாகும். சுருளில் ஓட்டத்தை நிலைபெறச் செய்தற்கு வேலை செய்யவேண்டும். அவ்வேலை சுருளின் காந்தப் புலத்திலே சத்தியாகத் தங்கும். அச்சத்தி, தூண்டற்றிறனை ஓட்டத்தின் வர்க்கத்தாற் பெருக்கி வருவதன் பாதியாகும். எனவே தூண்டற்றிறன் என்பது, எண்காரணி நீங்கலாக, சத்தியை ஓட்டத்தின் வர்க்கத்தாற் பிரித்து வருவது. சத்தியின் அலகைப்பற்றி ஐயமில்லை. சதமமீற்றர்–கிராம்–செக்கன் முறையில் அஃது ஏர்க்கு. ஆகவே எல்லாக் குழப்பமும் ‘ஓட்டத்தை எவ்வாறு அளப்பது?’ என்னும் ஒரு வினாவினுள் அடங்கிவிடும்.

அவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இரண்டு விடை கூறினர். முதல்விடை காந்த விளைவைப் பற்றியது. சமாந்தரமான இரு நீண்ட கம்பிகளில் ஒரே திசையில் ஓட்டஞ் செல்லுமாயின் அவை ஒன்றையொன்று கவரும். மின்காந்தவலகு முறையில், கம்பியின் ஒரு பகுதியிலுள்ள விசையானது, ஓட்டத்தின் வர்க்கத்தின் இருமடங்கை அப்பகுதியின் நீளத்தாற் பெருக்கிக் கம்பிகளின் இடைத்தூரத்தாற் பிரித்து வருவதாகும். நீளத்தை நீளத்தாற் பிரிக்க எஞ்சுவது வெறும் எண். எனவே இம்முறையில் ஓட்டத்தின் வர்க்கம் விசையின் பரிமாணத்தையே உடையது. சத்தியோ விசையும் நீளமும் பெருகியது. சத்தியை விசையாற் பிரித்தால் எஞ்சுவது நீளமே. தூண்டற்றிறன் சதமமீற்றரில் எழுதப்பட்டமைக்குக் காரணம் இவ்வளவே. வெற்றிடத்தின் காந்த ஊடுபுகவிடுமியல்பை ‘ஒன்று’ என வைத்து, அதற்குப் பரிமாணமும் இல்லையென்று கொண்டதன் பயன் அது.

இம்முறையின் ஓட்டவலகு 10 அம்பியருக்குச் சமன்; அழுத்தவலகு 10⁻⁸ உவோற்று. ஆகவே தூண்டற்றிறனின் மின்காந்தவலகாகிய ஒரு சதமமீற்றர், 10⁻⁸ ஐப் பத்தாற் பிரித்து வரும் 10⁻⁹ என்றியாகும். அதாவது ஓர் என்றி நூறு கோடி சதமமீற்றர். ஒரு மில்லியென்றி பத்து இலட்சம் சதமமீற்றர். ஒரு மைக்கிரோவென்றி ஆயிரஞ் சதமமீற்றர். தொடக்கத்திற் கூறிய சுருளின் 3,158,000 சதமமீற்றர் 3.158 மில்லியென்றியாதல் இதனாற் பெறப்படும்.

நூறு கோடி சதமமீற்றர் என்பது பத்தாயிரங் கிலோமீற்றர். மீற்றர் முதன்முதல் வகுக்கப்பட்டபோது, பூமியின் துருவத்திலிருந்து மத்தியகோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்காகவே அது வகுக்கப்பட்டது. எனவே ஓர் என்றி என்பது பூமியின் காற்பரிதியேயாம். இது வெறும் வேடிக்கையன்று. 1861 இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் மின்னலகுகளை ஆராய நியமித்த குழு, செயன்முறைக்கு ஏற்ற தடையலகை நாடியபோது செக்கனுக்கு ஒரு கோடி மீற்றர் என்னும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தது. மின்காந்தவலகு முறையிலே தடையின் பரிமாணம் வேகமாதலின் அவ்வாறு செய்தல் இயன்றது. அதுவே ஓம். ஓமையும் செக்கனையும் பெருக்க வருவது தூண்டற்றிறனின் அலகு. 1881 ஆம் ஆண்டுப் பாரிசு மாநாடு ஓம், உவோற்று, அம்பியர், கூலோம், பரட்டு என்னும் பெயர்களை ஏற்றபோது தூண்டற்றிறனுக்குப் பெயரெதுவும் இடவில்லை. எயிற்றன், பெரி என்னும் இருவர் செக்கனையும் ஓமையும் ஒட்டிச் ‘செக்கோம்’ என வழங்கினர். 1889 இல் மீண்டும் பாரிசிற் கூடிய மாநாடு ‘காற்பரிதி’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டது. 1893 இல் சிக்காகோ மாநாடு ‘என்றி’ என்னும் பெயரை ஏற்றது. ஆகவே 1893 இற்கு முந்திய நூல்களிற் செக்கோம் என்றோ காற்பரிதி என்றோ காணப்படின், எண்ணை மாற்றாது என்றி எனப் படித்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் விடை. நிலைமின்னியலார் ஓட்டத்தைக் காந்த விளைவாலன்றி, ஒரு செக்கனிற் கடந்துசெல்லும் ஏற்றத்தாலே அளந்தனர். ஒரு சதமமீற்றர் இடைத்தூரத்திலுள்ள சமமான இரு ஏற்றங்கள் ஒரு தைன் விசையுடன் ஒன்றையொன்று தள்ளுமாயின் ஒவ்வொன்றும் ஓரலகு ஏற்றம். இங்கே ஏற்றத்தின் வர்க்கம், விசையை நீளத்தின் வர்க்கத்தாற் பெருக்கியதன் பரிமாணத்தை உடையது. ஓட்டத்தின் வர்க்கமோ அதனைக் காலத்தின் வர்க்கத்தாற் பிரித்து வருவது. சத்தியை இதனாற் பிரித்துப் பார்க்க, விசை நீங்கும், நீளமொன்று நீங்கும், எஞ்சுவது காலத்தின் வர்க்கத்தை நீளத்தாற் பிரித்த ஈவு. எனவே நிலைமின்னலகு முறையில் தூண்டற்றிறன் ‘செக்கன் வர்க்கம் சதமமீற்றருக்கு’ என்னும் அலகினைப் பெறும். இங்கே ‘ஒன்று’ என வைக்கப்பட்டது வெற்றிடத்தின் மின் அனுமதித்திறன்.

ஒரே சுருளை இருமுறையாலும் அளந்து, மின்காந்தவலகு எண்ணை நிலைமின்னலகு எண்ணாற் பிரிப்போமாயின், ஈவின் பரிமாணம் நீளத்தின் வர்க்கத்தைக் காலத்தின் வர்க்கத்தாற் பிரித்ததாகும். அதாவது ஒரு வேகத்தின் வர்க்கம். சுருளின் உருவம், சுற்று, பருமன் ஒன்றும் அதனுட் புகா. எச்சுருளை எடுப்பினும் அதே வேகம். அஃது எவ்வேகம்?

இவ்வினாவுக்குச் சோதனையால் விடை கண்டவர் உவேபரும் கோல்ரௌசும் ஆவர். 1856 இல் அவர்கள் இலீடன் சாடியொன்றின் ஏற்றத்தை நிலைமின் விசையால் ஒருமுறை அளந்து, பின்னர் அவ்வேற்றத்தைக் கல்வனோமானியூடாகச் செலுத்திக் காந்த விளைவாலும் அளந்தனர். இரண்டின் விகிதத்திலிருந்து பெற்ற வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 310,700 கிலோமீற்றர். 1849 இல் பிசோ பற்சில்லைக் கொண்டு அளந்த ஒளியின் வேகம் ஏறத்தாழ 315,000 கிலோமீற்றர். ஒளியை ஒருபோதும் நோக்காது, சாடியும் காந்தவூசியுங் கொண்டு செய்த சோதனை ஒளியின் வேகத்தைத் தந்தது. இப்பொருத்தத்தை மட்சுவெல் தற்செயலெனத் தள்ளவில்லை. ஒளி மின்காந்த அலையேயென அவர் கொண்டமைக்கு இவ்விரு எண்களின் ஒற்றுமை முதன்மையான சான்றுகளுள் ஒன்றாயிற்று. அலகுமாற்றம் பொழுதுபோகாதார் செய்யும் கணக்கு என்று எண்ணுவார்க்கு இதனினும் சிறந்த விடை கூறல் அரிது.

இவ்வேகத்தை இன்று அளக்கவேண்டியதில்லை. 1983 இல் மீற்றர் ஒளியின் வேகத்தைக்கொண்டு வரையறுக்கப்பட்டபோது, அது செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என நிலைநிறுத்தப்பட்டது. சதமமீற்றரில் எழுதி வர்க்கித்தால் 8.98755 × 10²⁰. ஆகவே ஒரு நிலைமின்னலகுத் தூண்டற்றிறன் 8.98755 × 10²⁰ மின்காந்தவலகுகள், அதாவது 8.98755 × 10¹¹ என்றி. மறுதலையாக, ஓர் என்றி 1.11265 × 10⁻¹² நிலைமின்னலகு.

இங்கே மாணவர் இடறுமிடம் ஒன்றுண்டு. கொள்ளளவத்தின் நிலைமின்னலகு மிகச் சிறியது, அது 1.11265 பிக்கோபரட்டு. அதனைப் பழகியவர், தூண்டற்றிறனின் நிலைமின்னலகும் சிறியதாதல் வேண்டுமென்று கொண்டு, பெருக்கவேண்டிய இடத்தில் வகுப்பர். உண்மையில் அஃது எக்கம்பிச்சுருளும் எட்டமுடியாத பேரலகு. காரணத்தை உவோற்றையும் அம்பியரையும் கொண்டு உணரலாம். நிலைமின்னலகு அழுத்தம் ஏறத்தாழ 300 உவோற்று. நிலைமின்னலகு ஓட்டமோ ஓர் அம்பியரின் முந்நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய ஓட்டமாற்றம் 300 உவோற்றை எழுப்பவேண்டுமாயின் சுருள் எத்துணைப் பெரியதாதல் வேண்டும்! இவ்விரு எண்களையும் நினைவில் வைத்தவன் அட்டவணையை நாடவேண்டுவதில்லை.

விடையைச் சோதித்தற்கு இன்னுமொரு வழியுண்டு. சுருளின் தூண்டற்றிறனை அதன் தடையாற் பிரித்தால் எம்முறையிலும் வருவது செக்கனே. காலத்தை அளத்தலில் அலகுமுறைகளிடையே பிணக்கில்லை. ஆதலின் விடை மூன்று முறையிலும் ஒன்றாதல் வேண்டும். நம் சுருளின் தடை 5 ஓம் எனக் கொள்க. செயன்முறையலகுகளில் 3.158 × 10⁻³ ஐ 5 ஆற் பிரிக்க 6.316 × 10⁻⁴ செக்கன். மின்காந்தவலகில் 5 ஓம் 5 × 10⁹, 3.158 × 10⁶ ஐ அதனாற் பிரிக்க 6.316 × 10⁻⁴. நிலைமின்னலகில் தடை 5.563 × 10⁻¹², 3.514 × 10⁻¹⁵ ஐ அதனாற் பிரிக்க மீண்டும் 6.316 × 10⁻⁴. ஓரிடத்தில் இலக்கம் பிறழ்ந்தால், மாற்றம் தவறியதென உடனே துணியலாம்.

கவுசு முறை எனப்படும் கலப்புமுறையைப் பற்றிச் சிறிது எச்சரிக்கை வேண்டும். அம்முறையில் மின்கணியங்கள் நிலைமின்னலகிலும் காந்தக்கணியங்கள் மின்காந்தவலகிலும் அளக்கப்படும். இரண்டும் சந்திக்கும் சமன்பாடுகளில் ஒளியின் வேகம் வெளிப்படையாகத் தோன்றும். தூண்டற்றிறனோ மின்னுக்கும் காந்தத்துக்கும் எல்லைக்கோட்டில் நிற்பது. அதனை எப்பக்கத்திற் சேர்ப்பது? நூலாசிரியர் சிலர், மின்னியக்கவிசையை ஓட்டமாற்ற வீதத்தாற் பிரித்ததையே தூண்டற்றிறன் எனக் கொண்டனர்; அவர்க்கு அலகு செக்கன் வர்க்கம் சதமமீற்றருக்கு. வேறு சிலர் அச்சமன்பாட்டினுள் ஒளிவேக வர்க்கத்தை வெளியே பிரித்து எழுதினர். அவர்க்கு அலகு சதமமீற்றர். இரு திறத்தாரும் ‘கவுசு அலகு’ என்றே எழுதுவர். ஆதலின் அப்பெயரை மட்டும் நம்பி மாற்றக்காரணியைத் தேர்தல் கூடாது. அந்நூலிற் சுருளின் சமன்பாடு எழுதப்பட்ட பக்கத்தைத் திருப்பி, ஒளியின் வேகம் அங்கே நிற்கின்றதா இல்லையா என்று பார்த்தே துணிதல் வேண்டும். மாற்ற அட்டவணைகளுட் சில இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாது விட்டமை அவற்றின் பெருங்குறை என்பது எமது கருத்து.

மீற்றர்–கிலோகிராம்–செக்கன் முறைக்கு வருவோம். 1901 இல் இத்தாலியரான யோர்சி, இயக்கவியலின் மூன்று அடிப்படை அலகுகளோடு மின்னலகொன்றையும் நான்காவதாகச் சேர்த்தால் உவோற்று, அம்பியர், ஓம் என்பன பத்தின் அடுக்குகளின்றி நேரே ஒரு முறையாக அமையும் என்று காட்டினார். சர்வதேச மின்தொழினுட்பக் குழு 1935 இல் மீற்றர்–கிலோகிராம்–செக்கன் முறையை ஏற்றது. 1960 இல் அஃது அனைத்துலக அலகுமுறையென்னும் பெயரை அடைந்தது. இங்கே வெற்றிடத்தின் ஊடுபுகவிடுமியல்பு ‘ஒன்று’ அன்று. 4 பை × 10⁻⁷ என்றி மீற்றருக்கு. தூண்டற்றிறனை நீளமெனக் கூறுவாரும் இல்லாதொழிந்தனர். அந்நீளம் முழுவதும் இவ்வூடுபுகவிடுமியல்பின் கீழ் மறைந்து கிடக்கின்றது என்க.

இம்மாற்றத்தோடு 4 பை என்னும் காரணி சமன்பாடுகளில் இடம்பெயர்ந்தமையால், என்றியும் அக்காரணியால் மாறியிருக்கும் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. பழைய முறையில் வரிச்சுருளின் சூத்திரத்தில் நின்ற 4 பை, புதிய முறையில் ஊடுபுகவிடுமியல்பினுட் புகுந்துகொண்டது, என்றி மாறவில்லை. தொடக்கத்திற் கூறிய சுருளையே எடுப்போம். அதன் வெட்டுமுகப் பரப்பு 12.566 சதுர சதமமீற்றர். மின்காந்தவலகில், 4 பை ஆகிய 12.566 ஐச் சுற்றுக்களின் வர்க்கமாகிய 10⁶ ஆலும் பரப்பாலும் பெருக்கி 50 ஆற் பிரிக்க 3.158 × 10⁶ சதமமீற்றர். புதிய முறையில் 12.566 × 10⁻⁷ ஐ 10⁶ ஆலும் 12.566 × 10⁻⁴ சதுர மீற்றராலும் பெருக்கி 0.5 ஆற் பிரிக்க 3.158 × 10⁻³ என்றி. சத்தியைக் கொண்டும் பார்க்கலாம். 2 அம்பியர் ஓடுமாயின் புதிய முறையில் 6.316 × 10⁻³ யூல்; பழைய முறையில் ஓட்டம் 0.2 அலகு, சத்தி 63,160 ஏர்க்கு. ஒரு யூல் 10⁷ ஏர்க்காதலின் இரண்டும் ஒன்றே.

சூத்திரம் தரும் எண்ணை நான்கு இலக்கங்கள் வரை எழுதினோமாயினும், உண்மைச் சுருள் அவ்வெண்ணைத் தராது. அச்சூத்திரம் முடிவிலா நீளமுள்ள சுருளுக்கே உரியது. இரு முனைகளிலும் புலம் விரிந்து தளர்தலைக் கருதாது. யப்பானியப் பௌதிகவியலாரான நாகவோக்கா 1909 இல் இதற்குரிய திருத்தக் குணகங்களை அட்டவணைப்படுத்தினார். நம் சுருளுக்கு அக்குணகம் ஏறத்தாழ 0.967, எனவே தூண்டற்றிறன் 3.05 மில்லியென்றியளவே. அலகுமாற்றத்தைப் பத்துத் தசமதானம் வரை செய்துவிட்டுச் சூத்திரத்தில் நூற்றுக்கு மூன்று பிழையை விட்டுவிடுதல், பொற்றராசிலே விறகு நிறுப்பதை ஒக்கும்.

வானொலிப் பொறியியலிற் பயிலும் சூத்திரங்களில் அலகுமாற்றம் வேறொரு வேடம் புனைந்து நிற்கும். அமெரிக்கரான உவீலர் 1928 இல் வெளியிட்ட சூத்திரம் பெரிதும் கையாளப்படுவது: ஆரையின் வர்க்கத்தைச் சுற்றுக்களின் வர்க்கத்தாற் பெருக்கி, ஆரையின் ஒன்பது மடங்கும் நீளத்தின் பத்து மடங்கும் சேர்ந்த தொகையாற் பிரிக்க, மைக்கிரோவென்றியில் விடை வரும். ஆயின் அளவுகள் அங்குலத்தில் இருத்தல் வேண்டும். ஒன்பது, பத்து என்னும் எண்களினுள்ளே அங்குலம் ஒளிந்திருக்கின்றது. சதமமீற்றரில் அளந்தவர் வகுக்குந் தொகையை 2.54 ஆற் பெருக்கவேண்டும். அப்போது ஒன்பது 22.9 ஆகவும், பத்து 25.4 ஆகவும் மாறும். மேலும் கீழும் நீளங்களே இருத்தலால், மேலே நீளத்தின் வர்க்கமும் கீழே நீளமும் நிற்க, எஞ்சுவது ஒரு நீளம், ஆதலின் 2.54 ஒருமுறையே வரும். நம் சுருளுக்கு இச்சூத்திரம் 3,040 மைக்கிரோவென்றி தருகின்றது. நாகவோக்காவின் விடையோடு நூற்றுக்கு அரைப்பங்கினுள் ஒத்தல் காண்க.

யேர்மனியில் 1920 ஆம், 1930 ஆம் ஆண்டுகளையொட்டிய காலத்து வானொலி நூல்களும் உறுப்புக்களும் மற்றொரு புதிரை வைத்துள்ளன. அங்கே ஒடுக்கியின் கொள்ளளவமும் சதமமீற்றர். சுருளின் தூண்டற்றிறனும் சதமமீற்றர். முன்னையது நிலைமின்னலகு, பின்னையது மின்காந்தவலகு. இரு முறைகளை ஒரே சுற்றிற் கலந்துவிட்டனரே என்று நாம் குறைகூற முற்படுவோம். ஆயின் அக்கலப்பில் ஓர் அழகுண்டு. இரு சதமமீற்றர்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2 பையாற் பெருக்க, அச்சுற்று இசைவுறும் அலைநீளம் நேரே சதமமீற்றரில் வந்துவிடும். ஒளியின் வேகத்தை எங்கும் எழுதவேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, சுருள் 200,000 சதமமீற்றர், ஒடுக்கி 500 சதமமீற்றர் எனக் கொள்வோம். பெருக்கம் 10⁸, வர்க்கமூலம் 10⁴, அலைநீளம் 62,832 சதமமீற்றர், அதாவது 628 மீற்றர். இன்றைய அலகுகளிற் செய்வார், 200 மைக்கிரோவென்றியையும் 556 பிக்கோபரட்டையும் கொண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 477,100 அதிர்வு என மீடிறனைக் கண்டு, அதனால் ஒளியின் வேகத்தைப் பிரித்து அதே 628 மீற்றரை அடைவர். இரு அலகுமுறைகளின் விகிதம் ஒளியின் வேகமாதலாலேயே, இரண்டையும் கலந்தபோது அவ்வேகம் தானாகவே கணக்கினுட் புகுந்துகொண்டது. இதை உணராது இரண்டு ‘சதமமீற்றர்’களையும் ஒரே அலகெனக் கருதி மாற்றுபவர், 500 சதமமீற்றர் ஒடுக்கியை எழுதிவைக்கவும் இயலாத பேரெண்ணாக்கிவிடுவர்.

என்றி என்னும் பெயருக்குள்ளும் இரண்டு அலகுகள் உள. 1908 இல் இலண்டனிற் கூடிய மாநாடு, ஆய்வுகூடங்கள் எளிதில் அமைத்துக்கொள்ளத்தக்க தடையலகொன்றை வரையறுத்தது: பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், 14.4521 கிராம் திணிவும் 106.300 சதமமீற்றர் நீளமும் ஒரே சீரான வெட்டுமுகமும் உடைய இரசநிரலின் தடை. இது சர்வதேச ஓம். அதிலிருந்து பெறப்பட்டது சர்வதேச என்றி. பின்னர் நுண்ணிதாக அளந்தபோது இவ்வோம் 10⁹ மின்காந்தவலகினும் சிறிது மிக்கிருந்தது. 1948 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் தனியலகுகள் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு சர்வதேச என்றி 1.00049 தனி என்றி எனக் கொள்ளப்பட்டது. அதற்கு முன் அளவீடு செய்யப்பட்ட நியமச்சுருளொன்றில் 0.1 என்றி எனப் பொறித்திருப்பின் இன்றைய கணக்கில் அது 0.100049. இரண்டாயிரத்தில் ஒரு பங்கான இவ்வேறுபாடு பாடசாலை ஆய்வுகூடத்திற் பொருட்படுத்தத்தக்கதன்று.

நுண்ணளவை செய்வார்க்கு அவ்வேறுபாடு பொருட்டாயிருந்தது. 1907 இல் அமெரிக்க நியமச்சபையைச் சார்ந்த உறோசாவும் தோர்சேயும் ஒடுக்கிகளைக்கொண்டு மேற்கூறிய விகிதத்தை மிக நுண்ணிதாக அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 299,710 கிலோமீற்றர் எனப் பெற்றனர். பின்னர் சர்வதேச ஓமுக்கும் தனி ஓமுக்குமுள்ள வேறுபாட்டைக் கணக்கிற் சேர்த்தபோது அவ்வெண் ஏறத்தாழ 299,784 ஆக உயர்ந்தது. தடை இவ்விகிதத்தினுள் வர்க்கமூலமாகவே வருதலால், 1.00049 என்னும் காரணியின் பாதி விளைவே தோன்றிற்று. ஒளியின் வேகம் இன்று 299,792 எனக் கொள்ளப்படுதலை நோக்க, அவர்தம் சோதனையிற் குறையிருந்தது சாலச் சிறிது. எஞ்சிய வேறுபாட்டிற் பெரும்பகுதி இரசநிரலின் குறையேயாம்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். ஓர் என்றி மிகச் சரியாக 10⁹ மின்காந்தவலகு என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். 2019 ஆம் ஆண்டு மே 20 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அம்பியர் இலத்திரனின் ஏற்றத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. அதனால் வெற்றிடத்தின் ஊடுபுகவிடுமியல்பு வரையறுத்த எண்ணாயிருந்த நிலை மாறி, அளந்தறியவேண்டிய எண்ணாயிற்று. பழைய 4 பை × 10⁻⁷ இற்கும் இன்று அளந்து பெறும் பெறுமானத்துக்குமுள்ள வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்கினுங் குறைவு. ஆகவே 10⁹ என்னும் மாற்றக்காரணியைத் தயக்கமின்றிக் கையாளலாம். ஆயின் ‘மிகச் சரியாக’ என்னும் சொல்லை நம் குறிப்புப் புத்தகங்களில் இனி நீக்கிவிடல் வேண்டும்.